‘ஓமோன் குறைஞ்சிருக்காம்’: ஆண்களின் டெஸ்டோஸ்டெரோன் பற்றி ஓர் எளிய விளக்கம்

போன மாதம் ஒரு நாள், பின்னேரம் மூன்றரை மணி இருக்கும். ஒருவர் வந்து டாக்டர் எழுதிய துண்டை நீட்டினார். டெஸ்டோஸ்டெரோன் பரிசோதனை. “சாப்பிட்டீங்களாண்ணே?” என்று கேட்டேன். “காலையில ரெண்டு ரொட்டி, மத்தியானம் சோறு, வர்ற வழியில ஒரு வடையும் தேத்தண்ணியும்” என்றார். முந்தின வாரம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்ததாகவும் சொன்னார். டாக்டருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, இரத்தம் எடுக்காமலே அவரைத் திருப்பி அனுப்பினேன். அவருக்குக் கோபம் வந்தது, நியாயம்தான். அரைப்பேர் போட்டுவிட்டு, அதாவது தோட்டத்தில் அரைநாள் வேலை செய்துவிட்டு, மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்.

நான் ஒரு மலையக டவுனில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். சில வருடங்களாக இந்தத் துண்டோடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். டாக்டர் சொல்லாமல், சலூனில் கேட்டதையும் போனில் பார்த்த வீடியோவையும் நம்பித் தாங்களாகவே வருகிறவர்களும் உண்டு. குரலைத் தாழ்த்தி, “ஓமோன் குறைஞ்சிருக்காம் தம்பி” என்பார்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை குழப்பம் இருக்கிறது என்று எனக்குத் தினமும் தெரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே சொல்லுக்குள் நான்கு விஷயங்கள்

பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களில் ‘ஆண்மைக்குறைவு’ என்று ஒரே சொல்லாகப் போட்டிருப்பார்கள். கூடவே ‘நரம்புத் தளர்ச்சி’ என்றும் இருக்கும். இந்தச் சொல்லுக்குள் நான்கு தனித்தனி விஷயங்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

முதலாவது ஆசை, அதாவது தாம்பத்தியத்தில் நாட்டம். இரண்டாவது விறைப்பு. மூன்றாவது பிள்ளை பெறத் தேவையான விந்தணுக்களின் எண்ணிக்கை. நான்காவதுதான் டெஸ்டோஸ்டெரோன். இது ஓர் ஓமோன், அதாவது உடலின் ஓரிடத்தில் சுரந்து இரத்தத்தில் ஓடிப்போய் வேறு இடங்களுக்குச் செய்தி சொல்லும் பொருள். பையனுக்குக் குரல் உடைவது, மீசை வருவது, தசை வைப்பது, எலும்பு உறுதியாக இருப்பது, இரத்தத்தில் சிவப்பணுக்கள் போதுமான அளவு உருவாவது, தாம்பத்திய ஆசை எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு.

இந்த நான்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தாலும், ஒன்று குறைந்தால் மற்றதும் குறைந்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. ஆசை நன்றாக இருக்கும், விறைப்பு வராது. அப்படியானால் பெரும்பாலும் இரத்த ஓட்டத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். சீனி வருத்தம், பிரஷர், சிகரெட் எல்லாம் சின்ன இரத்தக் குழாய்களைக் கெடுக்கும். இருதயக் குழாய் அடைப்பதற்குச் சில வருடம் முன்பே இந்த இடத்தில் அறிகுறி காட்டுவதும் உண்டு. அதை ‘ஓமோன்’ என்று நினைத்து ஊசி தேடிப் போனால், பார்க்க வேண்டிய இருதயத்தைப் பார்க்காமல் விட்டுவிடுவோம். விந்தணு குறைந்த பலருக்கு டெஸ்டோஸ்டெரோன் சரியான அளவில் இருக்கும். விந்து வெளியேறுவதால் இந்த ஓமோன் தீர்ந்துபோகும் என்ற பயத்துக்கும் அடிப்படை கிடையாது.

கட்டளை எங்கிருந்து வருகிறது

தோட்டத்தில் வேலை எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று துரை முடிவெடுப்பார். அது கங்காணி வரை வரும். கங்காணி சொன்னால் ஆட்கள் மலைக்குப் போவார்கள். கொழுந்து மடுவத்துக்கு வந்து, எடை போட்டு, ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகும். ஸ்டோர் நிரம்பிவிட்டால் ‘போதும்’ என்று மேலே தகவல் போகும், அடுத்த நாள் ஆட்கள் குறைவார்கள். கொழுந்து குறைந்தால் கூடுதல் ஆட்கள் இறங்குவார்கள்.

உடலிலும் இப்படித்தான். மூளையின் அடிப்பகுதியில் பரிவகக்கீழ் என்று ஓர் இடம் இருக்கிறது. துரை இருக்கும் இடம் அதுதான். அதன் கீழே பட்டாணி அளவில் தொங்குவது கபச்சுரப்பி, அதாவது நம்ம கங்காணி. ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்த ஞாபகம் இருக்கும். கபச்சுரப்பி இரண்டு கட்டளைகளை இரத்தத்தில் அனுப்புகிறது. ஒன்று எல்.எச். அது விதைகளுக்குப் போய் ‘டெஸ்டோஸ்டெரோன் செய்’ என்று சொல்லும். மற்றது எஃப்.எஸ்.எச். அது விந்தணு உருவாக உதவும். விதைகள் ஒரு நாளைக்குச் சில மில்லிகிராம் டெஸ்டோஸ்டெரோனைச் செய்து இரத்தத்தில் விடுகின்றன. அளவு போதுமென்றால் அந்தச் செய்தி மூளைக்கு எட்டி, கட்டளை குறைகிறது.

இந்தச் சங்கிலியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டு படி, கீழே விதைகள், கீழிருந்து மேலே ‘போதும்’ என்ற தகவல். பின்னால் ஊசியைப் பற்றிப் பேசும்போது இந்தத் தகவல்தான் முக்கியமாகப்போகிறது.

ஏன் காலையில், ஏன் இரண்டு தடவை

டெஸ்டோஸ்டெரோன் நாள் முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், பின்னேரமாகும்போது இறங்கும். இளம் வயதுக்காரர்களில் இந்த இறக்கம் நன்றாகவே தெரியும். சாப்பிட்டதும், முக்கியமாக இனிப்போ மாவுச்சத்தோ உள்ளே போனதும், இன்னும் கொஞ்சம் இறங்கும். காய்ச்சல், பெரிய நோய், சத்திர சிகிச்சை, தூக்கமில்லாத இரவுகள் எல்லாம் தற்காலிகமாக அளவைக் குறைக்கும்.

முதலில் சொன்ன அந்த அண்ணனிடம் மூன்றரை மணிக்கு, சாப்பிட்ட வயிற்றோடு, காய்ச்சலுக்கு மறுவாரம் இரத்தம் எடுத்திருந்தால் அநேகமாகக் குறைவான ஓர் எண்தான் வந்திருக்கும். அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு அவர் எங்கெல்லாம் அலைந்திருப்பாரோ. பத்து நாள் கழித்து, வெறும் வயிற்றில் முதல் பஸ்ஸில் வந்து எட்டு மணிக்குக் கொடுத்தார். அளவு சாதாரணமாக இருந்தது. அவருடைய களைப்புக்குக் காரணம் வேறு. தைரொயிட் பிரச்சினை என்று பிறகு தெரிந்தது.

அதனால் முறை இதுதான்: காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில், உடம்புக்கு வேறு சுகவீனம் இல்லாத நாளில் எடுக்க வேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் திரும்பவும் எடுக்க வேண்டும். முதல் தடவை குறைவாக வந்த பலருக்கு இரண்டாவது தடவை சரியாக வருவதை நானே பார்த்திருக்கிறேன். ஸ்டோரில் இரவு வேலை செய்கிறவர்களுக்கு ‘காலை’ என்பது வேறு. அவர்களின் உடல் அவர்கள் தூங்கி எழும் நேரத்தை ஒட்டித்தான் ஓடும். இரவு வேலை என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லி, எப்போது இரத்தம் கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கூடத்தில் 11 என்று வரும், இன்னொரு கூடத்தில் 400 என்று வரும். “அவனுக்கு 400, எனக்கு வெறும் 11” என்று ஒருவர் என் முன்னால் கண் கலங்கியிருக்கிறார். அலகுதான் வேறு. ஒன்று லீட்டருக்கு நானோமோல், மற்றது டெசிலீட்டருக்கு நானோகிராம். நானோமோலை 28.8 ஆல் பெருக்கினால் நானோகிராம் கிடைக்கும். 11 என்பது சுமார் 317. தாளைப் பார்க்கும்போது எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகையும், அந்தக் கூடம் கொடுத்திருக்கும் சாதாரண எல்லையையும் சேர்த்துப் பாருங்கள்.

மொத்தச் சம்பளமும் கையில் வருவதும்

சம்பளத் துண்டில் மேலே ஒரு மொத்தத் தொகை இருக்கும். சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி அட்வான்ஸ் எல்லாம் கழிந்து கையில் வருவது வேறு. டெஸ்டோஸ்டெரோனும் அப்படித்தான். இரத்தத்தில் ஓடுவதில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு புரதம் எஸ்.எச்.பி.ஜி. அது டெஸ்டோஸ்டெரோனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், சேமலாப நிதிக்குப் போன காசு மாதிரி உடனே எடுக்க முடியாது. அல்புமின் என்ற இன்னொரு புரதம் இலேசாகத்தான் பிடித்திருக்கும், கேட்டால் கொடுத்துவிடும். எதிலும் ஒட்டாமல் சுதந்திரமாக ஓடுவது சுமார் 2 சதவீதம்தான்.

வழக்கமாக நாம் அளப்பது மொத்த அளவை. ஆனால் தொப்பை வைத்தவர்களுக்கும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் எஸ்.எச்.பி.ஜி. குறைந்துவிடும். அப்போது மொத்த அளவு குறைவாகத் தெரியும், சுதந்திரமாக ஓடுவது சரியாகவே இருக்கும். வயதானவர்களிலும் ஈரல் நோய் உள்ளவர்களிலும் இது தலைகீழாகும். மொத்தம் நன்றாகத் தெரியும், கையில் வருவது குறைவு. எண் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் டாக்டர் எஸ்.எச்.பி.ஜி.யையும் சேர்த்துக் கேட்பது இதற்காகத்தான்.

அப்படியானால் எதைக் குறைபாடு என்பது

அறிகுறியும் இருக்க வேண்டும், இரண்டு காலைகளில் எண்ணும் குறைவாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

பல நாட்டு வழிகாட்டல்களில் டெசிலீட்டருக்கு 300 நானோகிராமை ஒட்டி ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் கீழே வைப்பவர்களும் உண்டு. ஐரோப்பிய மருத்துவர்கள் லீட்டருக்கு 8 முதல் 12 நானோமோல் வரை உள்ளதைச் சந்தேகப் பகுதி என்று பார்க்கிறார்கள். 299 வந்தால் நோயாளி, 301 வந்தால் சுகதேகி என்று இதற்கு அர்த்தமில்லை.

அறிகுறிகளில் டாக்டர் அதிகம் மதிப்பது தாம்பத்திய ஆசை குறைவதும், விடியற்காலையில் தானாக வரும் விறைப்பு நின்றுபோவதும். உடல் ரோமமும் தாடியும் குறைவது, மார்பு வீங்கி நோவது, விதை சிறுத்துப்போவது, சின்ன அடிக்கே எலும்பு முறிவது இவையும் கனமான அறிகுறிகள். களைப்பு, மனச்சோர்வு, தூக்கக் குறைவு, வேலையில் மனம் ஒட்டாமை ஆகியவை நூறு காரணங்களால் வரும். இரத்தச்சோகை, தைரொயிட், சீனி, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்க நோய், கடன் தொல்லை, கசிப்பு. நம் பக்கத்தில் களைப்பு என்று வருகிற ஆளுக்கு இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம்.

ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையான ஆண்களைப் பரிசோதித்து 2010 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தாம்பத்திய அறிகுறிகளையும் குறைந்த ஓமோன் அளவையும் சேர்த்துப் பார்த்தபோது, வயதோடு வரும் உண்மையான குறைபாடு சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. வீடியோக்களைப் பார்த்தால் நாற்பதைத் தாண்டிய எல்லோருக்குமே இருப்பது போலத் தோன்றும்.

இதுவரை: காலையில் வெறும் வயிற்றில் இரண்டு தடவை எண், அதோடு பொருந்துகிற அறிகுறி, தேவைப்பட்டால் எஸ்.எச்.பி.ஜி. இவ்வளவும் பொருந்தினால்தான் ‘குறைபாடு’ என்ற சொல்லுக்கே வர வேண்டும். அதற்குப் பிறகு வரும் கேள்வி, ஏன் குறைந்தது என்பது.

பழுது மலையிலா, மேலேயா

இங்கே எல்.எச். அளவு உதவிக்கு வருகிறது. டெஸ்டோஸ்டெரோன் குறைவு, எல்.எச். அதிகம் என்றால், கங்காணி கத்திக்கொண்டே இருக்கிறார், மலையில் வேலை நடக்கவில்லை. பழுது விதையில். பிறவியிலேயே ஒரு எக்ஸ் நிறமூர்த்தம் கூடுதலாக இருப்பது ஒரு காரணம். கிளைன்பெல்டர் நிலை என்பார்கள், ஏறக்குறைய 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கும், பலருக்குத் தெரியாமலே வாழ்க்கை ஓடிவிடும். சின்ன வயதில் விதை கீழிறங்காமல் இருந்தது, அடிபட்டது, புற்றுநோய் மருந்து, கூகைக்கட்டு இவையும் காரணங்கள். கூகைக்கட்டு என்பது சிலர் பொன்னுக்கு வீங்கி என்று சொல்லும் அதே நோய். வயதுக்கு வந்த பிறகு அது வந்தால் விதையையும் தாக்கலாம், பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டும். அதற்கான தடுப்பூசி இலங்கையின் தேசிய அட்டவணையில் சேர்ந்தது 2011 இல் என்பதால், இன்று முப்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு அது கிடைத்திருக்காது.

டெஸ்டோஸ்டெரோனும் குறைவு, எல்.எச்.சும் குறைவு அல்லது எழும்பவே இல்லை என்றால், கட்டளையே வரவில்லை. பழுது மேலே. கபச்சுரப்பியில் ஒரு கட்டி இருக்கலாம், அதனால் தலையிடியும் பக்கப் பார்வை மங்குவதும் வரலாம். புரோலக்டின் என்ற இன்னொரு ஓமோன் கூடியிருக்கலாம். தலசீமியா என்ற பிறவி இரத்த நோய்க்காக அடிக்கடி இரத்தம் ஏற்றியவர்களுக்கு இரும்புச்சத்து கபச்சுரப்பியில் படிந்திருக்கலாம். டிரமடோல் போன்ற கடுமையான வலிக் குளிசைகளை மாதக்கணக்கில் போடுவது, மூச்சிழுப்புக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீரொயிட் குளிசையைச் சொந்தமாக வாங்கி நீண்ட நாள் விழுங்குவது, இவையும் கட்டளையை அமுக்கும். ஜிம்மில் யாரோ கொடுத்த ஊசியும் அப்படித்தான்.

இவை எல்லாவற்றையும் விடப் பரவலாகக் காண்பது தொப்பையும் சீனி வருத்தமும் குடியும் சேர்ந்த குறைவு. கொழுப்பு கூடினால் மேலிருந்து வரும் கட்டளை தளர்கிறது. நல்ல செய்தி, இது திரும்பக்கூடியது. எடை குறைந்தால் எண் ஏறும், எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ப ஏறும். முன்பு மலையில் வேலை செய்துவிட்டு இப்போது ஓட்டோ ஓட்டுகிறவர்கள், கடையில் உட்காருகிறவர்கள் சாப்பாட்டை மட்டும் பழைய அளவிலேயே வைத்திருப்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு முதல் மருந்து நடையும் தட்டில் குறையும் சோறும்தான்.

வெளிக்கொழுந்து வந்தால் என்ன நடக்கும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் ஒருவர் படிப்பார் என்றால், அது இதுவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வெளியிலிருந்து லொறி லொறியாகக் கொழுந்து வாங்கி ஸ்டோரை நிரப்பினால் என்ன ஆகும்? ஸ்டோர் நிறைந்துவிட்டது என்று மேலே தகவல் போகும். நம் மலையில் ஆட்களை இறக்கத் தேவையில்லை என்று துரை நிறுத்திவிடுவார். மாதக்கணக்கில் கைபடாத செடி மட்டம் தப்பி மரமாக வளரும். லொறி நின்ற அடுத்த நாளே பழையபடி கொழுந்து எடுக்க முடியாது. கவ்வாத்து வெட்டி, துளிர் விட்டு, மட்டம் வர எத்தனை மாதம் என்று நமக்குத் தெரியும்.

ஊசியாகப் போடும் டெஸ்டோஸ்டெரோன் அந்த வெளிக்கொழுந்து. இரத்தத்தில் அளவு நிறைந்ததும் மூளை எல்.எச்.சையும் எஃப்.எஸ்.எச்.சையும் நிறுத்திவிடும். விந்தணு உருவாக விதைக்கு உள்ளே டெஸ்டோஸ்டெரோன் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு தேவை. ஊசி அதைத் தராது. கட்டளை நின்றதால் உள்ளே அளவு விழும், விந்தணு குறையும், பலருக்குப் பூச்சியமாகும். 1990களில் உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே பரிசோதித்துப் பார்த்தது என்றால் புரியும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், கல்யாணமாகி மூன்று வருடம், பிள்ளை இல்லை. வீட்டில் பேச்சு, ஊரில் பேச்சு. ஒரு தனியார் இடத்தில் “ஓமோன் ஊசி போட்டா சரியாகும்” என்று சொல்லி, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஏழு மாதம் போட்டிருக்கிறார்கள். அதற்கு முன் விந்துப் பரிசோதனை ஒன்றுகூடச் செய்யவில்லை. எங்கள் கூடத்துக்கு வந்தபோது நுணுக்குக்காட்டியில் நானே பார்த்தேன். ஒரு விந்தணுகூட இல்லை. தாளில் பூச்சியம் என்று எழுதக் கை வரவில்லை எனக்கு. கண்டியில் நிபுணர் ஒருவரிடம் போய், ஊசியை நிறுத்தி, வேறு மருந்து எடுத்து, பதினொரு மாதம் கழித்துத்தான் மறுபடி எண்ணிக்கை எட்டிப்பார்த்தது. பெரும்பாலானவர்களுக்கு இப்படித் திரும்பி வரும், ஆனால் சிலருக்கு இரண்டு வருடம் வரை இழுக்கும். நீண்ட காலம் போட்டவர்களுக்கு முழுதாக வராமலும் போகலாம்.

பிள்ளை வேண்டும் என்று நினைக்கிறவர் டாக்டரிடம் முதல் வரியாக அதைச் சொல்ல வேண்டும். பழுது மேலே இருந்தால், விதையைத் தட்டி எழுப்பும் எச்.சி.ஜி. ஊசி, கட்டளையைக் கூட்டும் குளோமிபீன் குளிசை என்று வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றையும் நிபுணர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

உண்மையாகவே தேவைப்படுகிறவர்களுக்கு

விதை செயலிழந்தவர், கபச்சுரப்பி கெட்டவர் போன்றவர்களுக்கு டெஸ்டோஸ்டெரோன் சிகிச்சை வாழ்க்கையையே மாற்றும். ஆசை திரும்பும், எலும்பு உறுதிப்படும், இரத்தச்சோகை சரியாகும். அவர்கள் பயப்படவோ வெட்கப்படவோ எந்தக் காரணமும் இல்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போடும் ஊசி, ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் போடும் ஊசி, தோலில் பூசும் ஜெல் என்று வகைகள் உண்டு. ஜெல் பூசிய தோல் பட்டால் மருந்து அடுத்தவர் உடலிலும் ஏறும். லயத்தில் ஒரே அறையில் மனைவி, குழந்தைகளோடு படுக்கிறவர் கை கழுவி, பூசிய இடத்தை உடுப்பால் மூடிக்கொள்ள வேண்டும்.

எதிர்பார்ப்பையும் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய, ஓமோன் குறைந்த 790 பேரிடம் ஒரு வருடம் நடத்தி 2016 இல் வெளியிட்ட ஆய்வில் ஆசையும் தாம்பத்தியமும் ஓரளவு மேம்பட்டன. உடல் உற்சாகம் சொல்லும்படி கூடவில்லை. இந்த மருந்து இருதயத்தைக் கெடுக்குமோ என்ற பயத்துக்கு 2023 இல் வெளியான ஓர் ஆய்வில் பதில் கிடைத்தது. இருதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள, ஓமோன் குறைந்த 5,000க்கும் மேற்பட்ட ஆண்களில் மாரடைப்பும் பக்கவாதமும் போலி மருந்து எடுத்தவர்களைவிடக் கூடவில்லை. ஆனால் ஒழுங்கற்ற இருதயத் துடிப்பும் நுரையீரலில் இரத்தக்கட்டும் சற்று அதிகமாக வந்தன.

இந்த மருந்து சிவப்பணுக்களைக் கூட்டும். அளவுக்கு மிஞ்சினால் இரத்தம் தடித்துவிடும். அதற்குத்தான் ஹீமட்டோக்ரிட் பார்க்கிறோம், இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்ற கணக்கு அது. 54 ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்திவிட்டுக் காரணம் தேடுவார்கள். நுவரெலியா டவுன் சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக்கூட உடல் சிவப்பணுக்களைக் கொஞ்சம் கூட்டி வைப்பது இயல்பு. நம் உயரத்தில் அது சின்ன அளவுதான், ஆனால் சிகரெட் பிடிப்பவருக்கு அதற்கு மேலும் ஏறும். ஆகவே தொடங்குவதற்கு முன்பே இந்த எண்ணைப் பார்த்து வைக்க வேண்டும். புரொஸ்டேட் புற்றுநோயோ மார்புப் புற்றுநோயோ உள்ளவருக்கு இந்தச் சிகிச்சை கொடுப்பதில்லை. மூச்சு நிற்கும் குறட்டையைக் கவனிக்காமல் விட்டவருக்கும், அண்மையில் மாரடைப்பு வந்தவருக்கும் தள்ளிப்போடுவார்கள். தொடங்கிய பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு தடவை, அப்புறம் வருடா வருடம் பரிசோதனை.

எங்கே போவது

முதலில் அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய் உள்ளதைச் சொல்லுங்கள். பணம் கட்டத் தேவையில்லை. அங்கிருந்து கிளினிக்குக்கு எழுதுவார்கள். ஓமோன் நிபுணரைப் பார்க்க வேண்டுமென்றால் கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள். போகும்போது நீங்கள் போடும் எல்லாக் குளிசைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள், நாட்டு மருந்துப் பொட்டலம், ஜிம் பவுடர் டின் உட்பட. மறைத்தால் டாக்டர் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

இரத்தம் கொடுக்க வருகிற நாளில் முதல் நாள் இரவு நன்றாகத் தூங்குங்கள், சாராயம் வேண்டாம். காலையில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு முதல் பஸ்ஸில் ஏறுங்கள். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய், அரைப்பேர் போட்டுவிட்டு வரலாம் என்று நினைத்தால் நேரம் தப்பிவிடும். அன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று கங்காணியிடம் முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள். ரொட்டியைக் கட்டி எடுத்து வாருங்கள், இரத்தம் எடுத்ததும் எங்கள் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம்.